பழசா ஒரு பெல்ட் கவர்

"யூனிட்டுக்கு வராதீங்க உலகநாதன். ஸ்டேஷன்லேருந்து நேரா ராணிகஞ்ச் போயிடுங்க!"

செகந்திராபாத்தில் அப்போதுதான் ரயிலை விட்டு இறங்கியிருந்தார் உலகநாதன். மச்சினி மகள் கல்யாணத்துக்காக லீவு போட்டு விஜயவாடா போய்விட்டு வருகிறார். இன்னும் பல்கூடத் தேய்க்கவில்லை. அதற்குள் முதலாளி ராமச்சந்திரனின் போன்.

"என்ன சார் ஆச்சு?"

"மூணு மணிக்கு செக்கிங் ஆபீசர் வர்றார். நம்ம டிரில்லிங் மெஷின்ல பெல்ட் கவர் இல்ல. அதைப் பார்த்தார்னா யூனிட்டுக்கே சீல்தான். எனக்கும் சோறு கிடையாது, உங்களுக்கும் கிடையாது."

உலகநாதன் பெட்டியைப் பிளாட்பாரத்தில் வைத்தார். குஷாய்குடாவில் இருக்கும் அந்தச் சின்ன யூனிட்டில் மெயின்டனன்ஸ் என்றால் அவர் ஒருவர்தான். யூனிட்டை மூடிவிட்டால், ஐம்பதைத் தாண்டிய ஆளுக்கு இனி எவன் வேலை கொடுப்பான்?

கூடவே எரிச்சலும் வந்தது. மோட்டாரிலிருந்து டிரில்லுக்குப் போகும் பெல்ட், உட்கார்ந்திருப்பவர் மூஞ்சிக்கு நேரே திறந்தபடி சுற்றுகிறது. அதன் மூடி உடைந்து போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்த மெஷினில் வேலை பார்க்கும் ரமணி, "அண்ணா, கவர் எப்ப வரும்? பயமா இருக்குண்ணா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இவரும் முதலாளியிடம் போய் நிற்பார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார் மனுஷன். இப்போது ஆபீசர் வருகிறார் என்றதும் எப்படி அக்கறை பொத்துக்கொண்டு வருகிறது பாருங்கள்!

"ராணிகஞ்ச்ல கவர் வாங்கிட்டு வந்திடுங்க. இன்னொண்ணு, புதுசு நக்கோ, வேணாம். பழசுதான் வேணும். புதுசைப் பார்த்தா, இத்தனை நாள் எங்கேன்னு கேப்பார்."

பழைய மெஷின் பாகங்கள் விற்கும் சூசைராஜ் கடைக்குப் போனார் உலகநாதன். போனில் இருந்த மெஷின் படத்தைக் காட்டினார்.

"பெட்டியும் கையுமா வந்திருக்கீங்க? ஊரை விட்டு ஓடிப் போறீங்களா?" என்று சிரித்தார் சூசைராஜ்.

"கவர் கிடைக்கலேன்னா ஓடத்தான் வேணும். சீக்கிரம் எடுங்க அண்ணாச்சி."

முதலில் வந்த கவர் நீளம் போதவில்லை. மாட்டினால் பெல்ட் உரசும். அடுத்ததில் நீளம் சரி, ஆனால் கீல் இடது பக்கம் இருந்தது. இவர்கள் மெஷினுக்கு அது பின்பக்கம் இருக்க வேண்டும். உலகநாதன் டேப்பை வைத்து அளந்து அளந்து பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எதுக்கு இந்தப் பாடு? இந்தாங்க, பிரிக்காத புதுசு. துளைகூட மாறாது." பளபளவென்று நீல நிறத்தில் ஒன்றை நீட்டினார் சூசைராஜ்.

ஆசையாகத்தான் இருந்தது. படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினார். அடுத்த நொடியே போன்.

"தமிழ்லதானே சொன்னேன்? பழசு! நம்ம மெஷின் மாதிரி பச்சையா, அழுக்கா இருக்கணும்!"

சூசைராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "புதுசு இருக்கும்போது அழுக்கைத் தேடுற முதலாளியை இப்பத்தான் பார்க்கறேன்."

இரண்டு பேருமாகக் கிடங்கில் கிடந்த குவியலைக் கலைத்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. உலகநாதனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கடைசியில் அடியில் கிடைத்தது ஒரு பச்சைக் கவர். ஓரத்தில் லேசாக நசுங்கல். கீல் பின்பக்கம். நீளம், துளை எல்லாம் அச்சு அசல்.

"தெய்வமே!" என்று அதைக் கட்டிக்கொண்டார்.

ஆட்டோ ஹப்சிகுடா சிக்னலில் நின்றபோது மடியில் இருந்த கவரை இறுக்கிப் பிடித்தபடி, "சீக்கிரம் பய்யா, சீக்கிரம்" என்று டிரைவரின் உயிரை வாங்கினார்.

யூனிட் வெறிச்சோடிக் கிடந்தது. தரையை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள்.

"எங்க சார் ஒருத்தரையும் காணோம்?"

"எல்லாருக்கும் லீவு குடுத்துட்டேன். ஆபீசர் முன்னாடி கூட்டம் எதுக்கு? நீங்க மாட்டுங்க."

உலகநாதன் ஸ்பேனரை எடுத்தார். பழைய போல்ட்டையே தேடி எடுத்து மாட்டினார். மூடினார், திறந்தார், மெஷினை ஓட்டிப் பார்த்தார். உரசல் இல்லை, சத்தம் இல்லை. முதலாளி கையில் கிரீஸை எடுத்து, தூசியோடு சேர்த்துக் கவர் மேல் தானே பூசினார். நிமிஷத்துக்கொரு தடவை வாசலை எட்டிப் பார்த்தார். பாவம், அவருக்கும் பயம்தானே என்று நினைத்துக்கொண்டார் உலகநாதன்.

"பல வருஷமா இங்கேயே இருந்த மாதிரி இருக்கு சார்," என்றார் பெருமையாக. நாளைக்கு ரமணி வந்து பார்த்தால் குதிப்பாள்.

சொன்ன நேரத்துக்கு ஆபீசர் வந்தார். நேராக டிரில்லிங் மெஷினுக்குப் போனார். கவரைத் தட்டினார். திறந்தார், மூடினார், குனிந்து கீலைப் பார்த்தார். போல்ட்டைத் திருகிப் பார்த்தார்.

"நீங்கதான் மெயின்டனன்ஸா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"ஆமா சார்."

"ரொம்ப நாளா நல்லா வெச்சிருக்கீங்க. உங்க பக்கம் தப்பு ஒண்ணும் இல்ல."

போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார் உலகநாதன்.

ஆபீசர் முதலாளி பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னது சரிதான். இவ்வளவு நல்ல கவரை அவளாவே திறந்துட்டு உள்ளே கையை விட்டா, நேத்து அந்த ரமணிக்கு மூணு விரல் போனதுக்கு யாரு என்ன பண்ண முடியும்? நஷ்டஈடு கேக்க அவளுக்கு வழியே இல்ல."