பத்த வைக்கத் தெரியுமா?

பெண் பார்க்க வந்த மெல்வினை, "தனியாப் பேசிக்கங்க" என்று மொட்டை மாடிக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே கிரில் அடுப்பும் கரியுமாக நின்றிருந்தாள் ஃபெமினா.

"கோழி ஊறிட்டிருக்குதுங்க. இதைக் கொஞ்சம் பத்த வச்சுக் குடுங்களேன்."

பார்த்ததுமே பெண்ணைப் பிடித்துவிட்டது. மெல்வின் சட்டைக் கையை மடித்துவிட்டு, காகிதத்தைச் சுருட்டிக் கரிக்கு அடியில் கொளுத்தினான், விசிறினான். புகைதான் வந்தது.

"ஆர்.எஸ்.புரத்துல உங்க ஊட்டுல அடுப்பே பத்த வைக்க மாட்டாங்களாட்ட இருக்குதே!"

"பத்திக்குமுங்க."

"எப்ப, நம்ம கல்யாணத்துக்கா? இந்தாங்க பெட்ரோல், ஊத்துங்க. ஒரே நிமிசம்." பாட்டிலை நீட்டினாள்.

சம்பந்தம் கை நழுவிவிடுமோ என்று மெல்வினுக்குப் பதறியது. ஆனாலும் பாட்டிலை வாங்கவில்லை.

"வேண்டாமுங்க. குப்புன்னு மூஞ்சிக்கே வரும். உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போனாலும் பரவாயில்லீங்க."

ஃபெமினா மூடியைத் திறந்து, மடக் மடக்கென்று குடித்தாள்.

"ஐயோ... தண்ணிங்களா?"

"ஆமாங்க. காலையில பாக்க வந்தவரு யோசிக்காம முழு பாட்டிலையும் கவுத்துப்போட்டாருங்க. அதான் கரி பத்தமாட்டேங்குது."

மாடிப்படியில் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, காய்ஞ்ச கரி குடுத்துவிடுங்க. அப்படியே, சாயங்காலம் வர்றவங்களை வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க!"