மூன்றாவது விசில்

அலுவலகம் போகும் பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான், அடுப்பை அணைக்காமல் கிளம்பிவிட்டது கதிரேசனுக்கு உறைத்தது. சுக்கு என்ற பூனைக்காக வைத்த சோறு. குக்கர் அடுப்பில், பூனை பூட்டிய வீட்டுக்குள், இருக்கிற ஒரே சாவி அவன் சட்டைப்பையில். இறங்கி ஆட்டோவுக்குக் கைகாட்டியபடியே எதிர்வீட்டுப் பாக்கியம் அக்காவைக் கைபேசியில் அழைத்தான்.

“உங்க கதவுகிட்டதான் நிக்கிறேன் தம்பி. ஒரு விசில் அடிச்சுது. சுக்கு உயிர் போறமாதிரி கத்துது.”

“லைன்லயே இருங்கக்கா,” என்றான்.

“ரெண்டு.”

அவன் மனைவி யாமினி உயிரோடு இருந்தவரை, மூன்றாவது விசிலுக்கு அவள் கை தானாக அடுப்புக்குப் போகும். நாலாவது அடித்தால் சோறு குழைந்துவிடும், சுக்கு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அவள் போன ஏழு மாதங்களில் அவன் ஒருநாளும் சரியாக எண்ணியதில்லை.

“மூணு,” என்றாள் அக்கா. அதன்பின் ஆட்டோ இரண்டு தெரு தாண்டிவிட்டது.

“நாலு அடிச்சுதாக்கா?”

“இல்லப்பா. நின்னுடுச்சு. பூனையும் கத்தல.” குரல் தாழ்ந்தது. “ஊர்லேருந்து யாராச்சும் வந்திருக்காங்களா? தட்டு வைக்கிற சத்தம் கேக்குது.”

அவன் போய்ச் சேர்ந்தபோது அக்கா முந்தானையால் வாயை மூடி நின்றிருந்தாள். உள்ளே சத்தமே இல்லை. திறந்தால் யாராவது இருப்பார்களோ என்று பயந்தான். இருக்க மாட்டார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக வந்தது. எடுத்த சாவியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஏழு மாதங்களில் முதல்முறையாக அழைப்புமணியை அழுத்தினான்.