ஏழாம் நம்பர் பஸ்

"அதுல ஏறாதீங்க சார். அடுத்து ஏழாம் நம்பர் வரும், அதுல போங்க."

பஸ் ஸ்டாண்ட் அறையின் ஜன்னலுக்குள்ளிருந்து டைம் கீப்பர் இப்படிச் சொன்னபோது, 'கோட்டை' என்று கொட்டை எழுத்தில் பலகை மாட்டிய பன்னிரண்டாம் நம்பர் பஸ் எதிரிலேயே நின்றிருந்தது.

"இதுவும் கோட்டைக்குத்தானே போகுது?" என்று கேட்டவர், ஆலையில் முப்பது வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு ஊர் சுற்றிப் பார்க்க வந்து இது மூன்றாம் நாள்.

"போகும். நீங்க ஏழுல போங்க."

சொன்ன ஆள் இவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது. என்ன மனுஷன்!

மனைவி வந்து சேர்வதற்குள் பன்னிரண்டு கிளம்பிப் போனது. பாதி சீட் காலி.

இருபது நிமிஷம் கழித்து ஏழு வந்தது. டைம் கீப்பர் எழுந்து வந்து கண்டக்டர் காதில் ஏதோ கிசுகிசுத்தார். அது வேறு.

பஸ் பழைய நகரத்தை ஒரு சந்து விடாமல் அளந்தது. மணிக்கூண்டு, மீன் மார்க்கெட், மறுபடியும் மணிக்கூண்டு.

"பார்த்தியா? வெளியூர்னு தெரிஞ்சதும் தலையில மிளகாய் அரைச்சுட்டான். பத்து நிமிஷத்துல போற இடம். திரும்பிப் போனதும் அவன் மேல புகார் எழுதிக் கொடுக்கறதுதான் முதல் வேலை."

"விடுங்களேன். உட்கார இடம் கிடைச்சுதே."

"உனக்கு எல்லாமே சரிதான்!"

பஸ் நின்றது. "கோட்டை பின்வாசல்! அம்மா, நீங்க மெதுவா இறங்குங்க," என்று கண்டக்டர் கை கொடுத்தார்.

"பின்வாசலா? இதுக்குத்தான் ஊரெல்லாம் சுத்திக் காட்டினீங்களா?" சூப்பர்வைசர் குரல் உயர்ந்தது.

கண்டக்டர் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பன்னிரண்டு முன்வாசல்ல நிக்கும் சார். அங்கேருந்து நூத்தி அறுபது படி. இங்க ஒரு படிகூட இல்ல. அம்மா முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வந்ததை டைம் கீப்பர் பார்த்திருக்கார். நாலு பேர் முன்னால சொன்னா அவங்க சங்கடப்படுவாங்கன்னு என்கிட்ட சொல்லி அனுப்பினார்."

பஸ் போய்விட்டது. சூப்பர்வைசர் மனைவியைப் பார்த்தார்.

"முழங்கால் வலியா? எப்போலேர்ந்து?"

"வந்த அன்னிலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கோபப்படவில்லை. லேசாகச் சிரித்தாள்.

"எப்படிச் சொல்றது? மூணு நாளா நீங்க பத்தடி முன்னாலயே போயிட்டிருக்கீங்களே!"