சிலிக்கன் தட்டில் ஓர் இடம்

"ஒரு ஆள் ரெண்டு இடம் பிடிச்சு வச்சா மற்ற ஆக்கள் எங்க போறது?" என்று லோஜினி மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

உதவியாளர் சுதர்ஷிகா கணினித் திரையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். பழைய கூட்டாளி இல்ஹாம் இரண்டு இடம் பதிந்த செய்தியைக் கொண்டுவந்தவளே அவள்தான். இனி வாயைத் திறந்தால் வம்பு.

திருகோணமலை உட்துறைமுக வீதியில், மாடியில் ஒரே அறை. அதுதான் லோஜினியின் சிப் கம்பனி. "பக்டரி எங்க, பிள்ளை?" என்று வீட்டுக்காரர் குணரத்தினம் இன்னும் கேட்கிறார். பக்டரி தாய்வானில் இருக்கிறது. அது லோஜினியுடையது அல்ல. யார் சிப் வரைந்து அனுப்பினாலும் செய்து கொடுக்கும். தனியாகச் செய்விக்க வசதியில்லாத சின்னக் கம்பனிகள், சிப்புகளைப் பொறிக்கும் ஒரே சிலிக்கன் தட்டில் ஆளுக்கோர் இடம் பதிந்துகொள்ளும்.

அந்தத் தட்டு லோஜினியின் கனவில் வரும். வட்டமாக, வானவில் நிறங்களோடு, துறைமுகத் தண்ணீரில் மிதந்து வரும். ஓரத்தில் அரிசியளவு இடம் அவளுடையது. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் கரைக்குச் செய்தி சொல்லும் சிப் அது. சாம்பல்தீவுப் படகுகளுக்கு மாரிக்கு முன் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

இன்று காலை வரைபடம் முடிந்தது. பதியப் போனால் தட்டு நிறைந்துவிட்டது. அடுத்த தட்டு ஏழு மாதம் கழித்து. அதற்குள் மாரியே முடிந்துவிடும்.

இல்ஹாம் முன்பு இதே அறையில், பக்கத்துக் கதிரையில் இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் பிரிந்துபோய்த் தனிக் கம்பனி தொடங்கினான். அன்றிலிருந்து பேச்சில்லை.

"என்னை விழுத்தத்தான் செய்திருக்கிறான்," என்றாள் லோஜினி. அவன் பேரைச் சொல்லி, பேராசைக்காரன் என்றும் சொல்லி, அந்த இரண்டாவது இடத்தைத் தனக்குத் தரும்படி தாய்வானுக்கு மடல் எழுதினாள்.

பிறகு யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியான வெயிலில் தண்ணீர் அசையவே இல்லை. ஒரு கப்பல் நித்திரையில் நடப்பதுபோலப் போனது. இவ்வளவு பெரிய உலகத்தில் அரிசியளவு இடம் இல்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது.

மூன்று மணிக்குப் பதில் வந்தது. அந்த இரண்டாவது இடம் இல்ஹாமுடையது அல்ல, ஏப்ரலிலேயே உங்கள் கம்பனியின் பெயரில் அவர் பதிந்தது, உங்கள் வரைபடத்துக்குத்தான் காத்திருக்கிறோம், அப்போதே உங்களுக்கு அறிவித்துவிட்டதாகச் சொன்னார் என்று எழுதியிருந்தார்கள்.

சுதர்ஷிகா மெல்லக் கேட்டாள். "அக்கா, அவர் அனுப்புற மெயில் எல்லாம் எங்க போகுது?"

வாசிக்காமலே ஒரு மூலைக்குப் போகும்படி லோஜினிதான் செய்து வைத்திருந்தாள். இப்போது அதைத் திறந்தாள். ஏப்ரல் மாதத்து மடல் அங்கே கிடந்தது.

'லோஜினி, நீங்க எப்பவும் கடைசி நாள்லதான் முடிப்பீங்க, அதுக்குள்ள இடமெல்லாம் போயிரும். அதால உங்களுக்கும் சேர்த்துப் பதிஞ்சிட்டன். கோவம் ஆறாட்டியும் பரவாயில்ல, வரைபடத்த அனுப்பிருங்க.'