டீச்சருக்குத் தொண்டை கட்டிய நாள்

பாட்டு இல்லாமல் இந்த மழலையர் வகுப்பின் வரிசை ரயில் வாசலைத் தாண்டாது. இன்று பார்த்து டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், பிள்ளைகளை வீட்டுக்கு ஏற்றிப்போக வந்த வேன் டிரைவர் மாட்டிக்கொள்கிறார். பாட்டுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் சாவிக்கொத்தைக் குலுக்கித் தாளம் போட்டு, "மலையைச் சுத்தி ரயிலு போகுது, மாமா வீட்டைத் தேடிப் போகுது" என்று தேய்ந்த பிரேக் போலக் கிறீச்சிடுகிறார். சட்டைநுனிகளைப் பிடித்தபடி ரயில் சிரித்துச் சிரித்து நகர்கிறது. சாயங்கால வெயிலில் குட்டி நிழல்கள் சுவரேறி ஓடுகின்றன. வாசலில் திரும்பிப் பார்த்த டிரைவரின் பாட்டு சட்டென்று நிற்க, பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. மேசைக்கடியில் பையைக் கட்டிக்கொண்டு புதுச் சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். சேர்ந்த நாளிலிருந்து அவள் வாயே திறந்ததில்லை. "அவ வரமாட்டா, நான் தூக்கிட்டு வரேன், நீங்க போங்க" என்று டீச்சர் காற்றாகப் பேசுகிறார். "அதெப்படி டீச்சர்? ஆள் ஏறாம வண்டி எடுத்துப் பழக்கமில்ல." இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு டிரைவர் "டுர்ர்ர்" என்று உறுமுகிறார். "ரயிலுக்கு ஏது மாமா ஸ்டியரிங்?" என்று முன்பெட்டி கேட்கிறது. "இந்த ரயிலுக்கு இருக்கு, நீ பேசாம உறுமு." வகுப்பே உறுமுகிறது. மேசைக்கடியிலிருந்து முதலில் பை வருகிறது, பிறகு தூசி படிந்த முழங்கால், பிறகு அவள். கடைசிப் பையனின் சட்டையை ஒரு கையால் பற்றி, மறு கையால் கதவை இரண்டு தட்டுத் தட்டுகிறாள்.

"போலாம், ரைட்!"