பேச்சியம்மாவின் பேச்சு

கிட்ட வந்து இருங்கோ பிள்ளையள். ஒரு சாமானை விற்றுப்போட்டு, வாங்கின மனுசிக்குப் பயந்து நடுங்கின ஒருவனின் கதை சொல்லப்போறன். சின்னக் கதைதான்.

“அண்ணே, எங்க அத்தை தினமும் உங்களத்தான் பேசுறாங்க.”

கடைக்குள் வந்ததும் வராததுமாக ஒரு இளம்பெண் இப்படிச் சொல்ல, கடைக்காரன் சிவகரன் வேலையை விட்டு நிமிர்ந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் கணினிக் கடை போட்டு இரண்டு வருசம். ஒருவரிடமும் பேச்சு வாங்காதவன்.

“ஆர் உங்கட மாமி?”

“கண்டாவளை பேச்சியம்மா. நான் மருமக சுமித்திரா. ஹட்டன்ல இருந்து கல்யாணமாகி வந்து மூணு மாசம்.”

அவனுக்கு விளங்கிவிட்டது. பேச்சியம்மாவின் வயற்கரையில் நாலு கமரா. யானை வந்தால் வீட்டில் மணி அடிக்கும். அந்தப் படமெல்லாம் இரவு பகலாகக் கணினியில் பதிந்துகொண்டே இருக்கும். போன வருசம் அந்தப் படங்களைச் சேமித்துவைக்கிற எஸ்எஸ்டி வாங்க வந்தபோது, “வேகமானதாக் குடுங்க தம்பி” என்றுதான் அவா கேட்டவா. இவன்தான் மறித்தவன். “அது ஓடும், உழைக்காது அம்மா. ஓயாமல் பதிஞ்சால் கெதியாத் தேஞ்சுபோம்” என்று, வேகம் குறைந்த, நெடுநாள் தாங்குகிற ஒன்றைக் கொடுத்து அனுப்பினவன்.

“எல்லாரிட்டையும் பேசுறாவோ?”

“கோயில்ல, சங்கத்துல, பஸ்ல கூட. விளக்கு வச்சிட்டு, சாமி முன்னால நின்னும் பேசுவாங்க.”

சாமிக்கு முன்னாலும் ஏச்சா? சுமித்திரா பாரமான பையொன்றைத் தூக்கி மேசையில் வைத்தாள். சரி, கணினியைக் கழற்றியே கொண்டுவந்துவிட்டாள் என்று நினைத்தான்.

“மெதுவாத்தான் வேலை செய்யுதோ, தங்கச்சி?”

“மெதுவாத்தான். ஆமை மாதிரி ஒண்ணக் குடுத்தாருன்னு அத்தையே சொல்லுவாங்க.”

அவன் அலுமாரியைத் திறந்து வேகமான எஸ்எஸ்டி ஒன்றை எடுத்தான். சும்மா கொடுத்தாவது அந்த வாயை அடைத்துவிடலாம். ஆனால் ஆறு மாதத்தில் இது செத்துப்போனால்? கணினி நின்றுவிடும், மணி அடிக்காது. விளைந்த வயலுக்குள் யானை நிற்கும்.

எடுத்ததைத் திரும்ப உள்ளே வைத்தான்.

“மாமி எவ்வளவும் பேசட்டும், தங்கச்சி. நான் மாத்தித் தரமாட்டன். பேச்சை நான் தாங்குவன், நெல்லு யானையைத் தாங்காது.”

சுமித்திரா விழித்தாள். “எதுக்கு மாத்தணும்? பக்கத்து வயல்காரங்க வேகமானது போட்டாங்க. எட்டாம் மாசமே செத்துருச்சு, பாதி நெல்லு யானைக்குத்தான். எங்களோட ஆமை ஒரு நாளும் நிக்கல. அதத்தானே அத்தை ஊரெல்லாம் பேசுறாங்க.”

“அப்ப… அவா என்னை ஏசேல்லையோ? எங்கட யாழ்ப்பாணத்தில ஒருவரைப் பேசுறது எண்டால் ஏசுறதெல்லோ!”

“ஏசுறதா? நீங்க நல்லா இருக்கணும்னு சாமிகிட்ட பேசுறாங்க அண்ணே,” என்று சிரித்தபடி அவள் பையை அவிழ்த்தாள். உள்ளே புது அரிசி. “மொதப் பங்கு சாமிக்கு, ரெண்டாவது உங்களுக்குன்னு குடுத்துவிட்டாங்க.”

பிள்ளையள், உங்கட வீட்டாரையும் நாலு ஊர்ச் சனம் நாள்தோறும் இப்பிடியே பேசட்டும்.