தூங்கும்போது எடுத்த அளவு

பால் காய்ச்சும் மின்பானைக்குள் ஒரு குட்டிச் சிப் குடியிருந்தது. அதன் மெமரி ஒரே ஒரு சின்ன அறைதான். எந்தச் சூட்டில் நிறுத்த வேண்டும் என்ற எண்ணை அறையின் மூலையில், தரையிலே எழுதிக் கண்ணும் கருத்துமாய்க் காத்து வந்தது. கைக்குழந்தை குடிக்கிற பால் ஆயிற்றே!

ஒரு நாள் புதுப் புரோகிராம் ஒன்று குடிவர இருந்தது. அதை எழுதி அனுப்பும் கம்ப்யூட்டரிலிருந்த அளவுக்கார அண்ணன் அதை அளந்து பார்த்தார்.

"கவலைப்படாதே தம்பி. முக்கால் அறைதான் பிடிக்கும். மீதியில நீ காலை நீட்டிப் படுக்கலாம்!"

சிப் ஆண்டவனுக்கு நன்றி சொல்லி இடம் கொடுத்தது.

சுவிட்சைப் போட்டதும் புரோகிராம் எழுந்தது. தரையில் கணக்குப் போடத் தொடங்கியது. கணக்குக்குள் ஒரு கணக்கு, அதற்குள் இன்னொன்று என்று எழுதிக்கொண்டே நகர்ந்தது.

"ஐயையோ, அந்த மூலையில..." சிப் சொல்லி முடிக்குமுன் புரோகிராம் அந்த எண்ணின் மேலேயே எழுதிவிட்டது.

பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. தொட்டிலில் குழந்தை வீரிட்டது.

சிப் அலறியது. "முக்கால் அறைன்னு சொன்னீங்களே அண்ணே!"

அளவுக்கார அண்ணன் தான் எடுத்த அளவை மறுபடி பார்த்தார்.

"நான் அளந்தப்போ அது தூங்கிட்டு இருந்துச்சே தம்பி..."